டிஷ்வாஷர் வாங்கும் முன் தண்ணீர்ச் சூட்டைக் கணக்குப் போடுங்கள்

டிஷ்வாஷரில் மின்சாரத்தை அதிகம் தின்பது மோட்டார் அல்ல, ஹீட்டர். தண்ணீரைச் சுற்றிச் சுற்றிப் பீய்ச்சியடிக்கப் பம்புக்குக் கொஞ்சம்தான் தேவை. அந்தத் தண்ணீரைச் சூடாக்கத்தான் பெரும்பங்கு போகிறது. இது மனதில் இருந்தால், விற்பவர் அடுக்கும் வசதிகளில் எது பயன்படும், எது வெறும் அலங்காரம் என்று நீங்களே எடைபோட்டுவிடலாம்.

ஓர் எளிய கணக்கு: 860 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு யூனிட் ஆகும். இயந்திரத்துக்குள் 4 லிட்டர் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற 0.12 யூனிட், 70 டிகிரிக்கு ஏற்ற 0.21 யூனிட். பாத்திரங்களும் எஃகு உட்கூடும் சூடாக வேண்டும், அது தனி. சோப்புக் கழுவலுக்கு ஒருமுறை, கடைசி அலசலுக்கு ஒருமுறை என்று இந்தச் செலவு இரண்டு தடவை வரும். ஆகவே தண்ணீரைக் குறைக்கிற இயந்திரம் மின்சாரத்தையும் குறைக்கிறது.

ஈக்கோ மோடு, அதாவது சிக்கன ஓட்டம், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறதே, கரண்ட் எகிறாதா என்று பலரும் பயப்படுகிறார்கள். எகிறாது. சூட்டைக் குறைத்து, அதற்கு ஈடாக ஊறும் நேரத்தைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். டிடர்ஜென்டில் இருக்கும் என்சைம்கள் மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைக்க 50 டிகிரி போதும், நேரம்தான் வேண்டும். அவசர மோடில் பெரும்பாலும் சூடும் தண்ணீரும் கூடும். எனவே வாங்கும்போது ஈக்கோ மோடு எண்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

ஐரோப்பிய ஆற்றல் லேபிள் ஒட்டியிருந்தால் வேலை சுலபம். 2021 மார்ச்சில் அது A முதல் G வரை என்று திருத்தப்பட்டது. 100 முறை ஓட்டினால் எத்தனை யூனிட், ஒருமுறைக்கு எத்தனை லிட்டர், எத்தனை செட் பாத்திரம் கொள்ளும் (ஒருவர் சாப்பிடப் பயன்படுத்தும் பாத்திரங்கள் ஒரு செட்), எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தம் எல்லாம் அதிலேயே இருக்கும். பழைய லேபிளில் ஆண்டுக்கு 280 முறை என்று கணக்கு. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். 14 செட் அளவில் A வகை 100 முறைக்குச் சுமார் 54 யூனிட் எடுக்கும், D வகை சுமார் 85. ஆண்டுக்கு 250 முறை ஓட்டினால் வித்தியாசம் 75 யூனிட்டை ஒட்டி வரும். அதை உங்கள் யூனிட் கட்டணத்தால் பெருக்கி, விலை வித்தியாசம் எத்தனை ஆண்டில் ஈடாகும் என்று பாருங்கள். பத்து ஆண்டு தாண்டினால் நான் A வகையை வற்புறுத்த மாட்டேன். தண்ணீர் அளவையும் பழுதுபார்க்கும் வசதியையும் முன்னுக்கு வைப்பேன்.

அளவு விஷயத்தில் ஒன்றுதான்: தினமும் எவ்வளவு பாத்திரம் சேருகிறதோ அதைப் பாருங்கள். 45 செ.மீ. அகல இயந்திரத்தில் 9, 10 செட் கொள்ளும், 60 செ.மீ. அகலத்தில் 12 முதல் 16 வரை. பாதி நிரப்பி ஓட்டினால் தண்ணீரும் கரண்டும் பாதியாகக் குறையாது. பெரிய குழிவான பாத்திரங்கள் அதிகம் என்றால் 60 செ.மீ.தான் சரி. மேல் தட்டை உயர்த்தி இறக்க முடிகிறதா என்று கடையிலேயே செய்து பாருங்கள்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது தண்ணீரின் கடினத்தன்மையில். சுண்ணாம்பு ஹீட்டரில் படிந்தால் சூடேற நேரமாகும், கண்ணாடி மங்கும், தெளிப்புக் கைகளின் துளைகள் அடைபடும். அதனால் உள்ளேயே மென்நீராக்கி உள்ள இயந்திரத்தையே வாங்குங்கள். அதில் உள்ள ரெசின் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். உப்புநீர் ரெசினைக் கழுவி மீண்டும் தயாராக்கும். சமையல் உப்பைப் போடாதீர்கள். அது பொடியாக இருப்பதால் இறுகி அடைத்துக்கொள்ளும், கட்டியாகாமலிருக்கச் சேர்த்த பொருளும் அதில் இருக்கும். டிஷ்வாஷருக்கென்று விற்கும் பரல் உப்புதான் வேண்டும். டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்து அளப்பது; அது காட்டும் எண் கடினத்தன்மை அல்ல, அதில் சோடிய உப்புகளும் சேர்ந்திருக்கும். சோதனைப் பட்டையில் பார்த்து, கிடைத்த அளவை இயந்திரத்தில் பதியுங்கள். தேவைக்கு மேல் வைத்தால் ரெசின் அடிக்கடி அலசப்பட்டு உப்பும் தண்ணீரும் வீணாகும். தண்ணீர் மிக மென்மையாகிக் கண்ணாடியை அரிக்கவும் செய்யும். மங்கிய கிளாஸை வினிகரால் துடைத்துப் பாருங்கள்: தெளிந்தால் சுண்ணாம்பு, தெளியாவிட்டால் அரிப்பு. அரித்துப்போன கண்ணாடி பழையபடி ஆகாது.

உலர்த்தும் முறையையும் கேளுங்கள். கழுவி முடிந்ததும் கதவு தானாகச் சற்றே திறக்கும் வகையில் நீராவி வெளியேறிவிடும், கடைசி அலசலை அவ்வளவு சூடாக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் எந்த முறையிலும் முழுதாகக் காயாது. அது சூட்டைத் தேக்கி வைப்பதில்லை.

சுற்றுச்சூழலுக்கு உங்கள் கையில் இருப்பவை: பாஸ்பேட் இல்லாத டிடர்ஜென்ட், மிச்சத்தைக் குழாயடியில் அலசாமல் வழித்துப் போடுவது, வாரம் ஒருமுறை பில்டரைக் கழுவுவது. ஓடும் குழாய் நிமிடத்துக்கு 6 லிட்டருக்கு மேல் கொட்டும். முன்கூட்டியே இரண்டு நிமிடம் அலசினால் ஈக்கோ மோடின் சேமிப்பு அங்கேயே போய்விடும். அலுமினியத்தையும் மரத்தையும் உள்ளே வைக்காதீர்கள். காரமான டிடர்ஜென்டில் அலுமினியம் கறுத்துவிடும்.

பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி. ஹீட்டரும் வடிகால் பம்பும் தனித்தனி உதிரியாகக் கிடைக்குமா? குறைந்தபட்ச நீரழுத்தம் எவ்வளவு? பலவற்றுக்கு 0.3 அல்லது 0.5 பார் கேட்பார்கள், அதாவது தொட்டி நீர்மட்டம் குழாயைவிட 3 அல்லது 5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அழுத்தம் போதாவிட்டால் நீர் நிரம்பாமல் பிழை காட்டி நின்றுவிடும்.

பொருத்தும்போது வடிகால் குழாயைத் தரையோடு விடாமல், கையேட்டில் சொன்ன உயரத்துக்குத் தூக்கி வளைத்துக் கட்டச் சொல்லுங்கள். தாழ்வாக இருந்தால் நிரம்பும் தண்ணீர் அப்படியே உறிஞ்சப்பட்டு வெளியே ஓடும். இயந்திரம் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்கும், வீட்டில் யாருக்கும் தெரியாது.