இரண்டு குழாய், இரண்டு சிவப்பு

ஐசியுவில் எக்மோ (ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் மெஷின்) போட்ட நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், இரவு முழுக்க என் கண் இரண்டு குழாய்களில்தான் இருக்கும். தொடையிலிருந்து வரும் குழாயில் கருஞ்சிவப்பு ரத்தம். கழுத்துக்குத் திரும்பும் குழாயில் பளிச்சென்ற சிவப்பு. நடுவில் பம்பும் ஆக்சிஜனேட்டரும். ஆக்சிஜனேட்டருக்குள் ஆயிரக்கணக்கான நுண்குழல்கள். குழலுக்கு உள்ளே ஆக்சிஜன், வெளியே ரத்தம். நிமிடத்துக்கு நான்கைந்து லிட்டர் ரத்தம் அதன் வழியே ஓடும். இரண்டு குழாயும் ஒரே நிறமானால் உடனே குரல் கொடு என்று புதிதாக வரும் நர்ஸுகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம். ஆக்சிஜன் இணைப்பு கழன்றிருக்கலாம்.

இன்ஃப்ளூயன்சா நிமோனியாவோடு ஒரு அம்மா வந்தார். வென்டிலேட்டரில் நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்தாயிற்று, நாளுக்கு 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தும் பார்த்தாயிற்று. அப்புறம்தான் எக்மோ.

"இந்த மெஷின் வைரஸைக் கொன்னுடுமா?" என்று மகன் கேட்டார். இல்லை தம்பி, நுரையீரலுக்கு லீவு கொடுக்கும், அவ்வளவுதான் என்றேன். புண்பட்ட நுரையீரலை வென்டிலேட்டர் அழுத்தி ஊதினால் இன்னும் புண்ணாகும். எக்மோ ஓடும்போது அதைச் சின்னச் சின்ன மூச்சாகக் குறைத்துவிடலாம். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதம், 87 என்று பார்த்ததும் பதறினார். எல்லா ரத்தமும் மெஷினுக்குள் போவதில்லை, போகாததும் கலந்துதான் ஓடுகிறது என்று படம் போட்டுக் காட்டினேன். அதிலிருந்து அவரும் குழாய் நிறம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மணிக்கொருமுறை டார்ச் அடித்து ஆக்சிஜனேட்டரில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் குறைந்தால் அங்கே கட்டும், கூடினால் மூக்கில் வழியும். ஒரு ராத்திரி இரண்டுமே நடந்தது. அந்த ராத்திரியைப் பற்றி எழுத இன்னும் மனசு வரவில்லை.

1971இல் விபத்தில் அடிபட்ட 24 வயது இளைஞரை இப்படிக் காப்பாற்றியபோது மெஷின் ஓடியது 75 மணி நேரம். இந்த அம்மாவுக்குப் பதினெட்டாம் நாள்தான், நுரையீரல் தானே சமாளிக்கிறதா என்று பார்க்க, டாக்டர் ஸ்வீப் கேஸை (ஆக்சிஜனேட்டருக்குள் போகும் வாயுவை) நிறுத்திப் பார்த்தார். பம்ப் ஓடுகிறது, ஆக்சிஜன் மட்டும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்துக் குழாயும் கறுத்தது. நாங்களே வேண்டுமென்று செய்ததுதான், இருந்தாலும் எனக்குக் கை பரபரத்தது. மானிட்டரில் சாச்சுரேஷன் 93. ஒரு மணி நேரம் கழித்தும் 93.

மகன் கண்ணாடிக் கதவைத் தட்டினார். "சிஸ்டர், ரெண்டும் ஒரே கலரா இருக்கு!"

"இருக்கட்டும் தம்பி," என்றேன்.