பின்னணி இசை இல்லாத அச்சம்: ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்'

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கி 1963ஆம் ஆண்டு வெளிவந்த 'தி பேர்ட்ஸ்' படத்தைத் திகில் படங்களில் மிக உயர்ந்த இடத்தில் வைப்பேன். பறவைகள் கொத்திக் கிழிக்கும் காட்சிகளைக் காட்டிலும் அந்தப் படத்தின் ஒலியே என்னை அதிகம் அச்சுறுத்துகிறது. அதில் பின்னணி இசை அறவே கிடையாது. ஹிட்ச்காக்கின் முந்தைய படமான 'சைக்கோ'வுக்கு இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன் இங்கே ஒலி ஆலோசகராக மட்டுமே இருந்தார். பறவைகளின் கூச்சலையும் சிறகடிப்பையும் டிரவுட்டோனியம் என்ற மின்னணுக் கருவியின் துணையோடு ஆஸ்கர் சாலாவும் ரெமி காஸ்மனும் உருவாக்கினார்கள். ஆபத்து நெருங்குகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடும் வயலின்கள் இல்லாததால், அடுத்த தாக்குதல் எப்போது வரும் என்பதைப் பார்வையாளரால் ஊகிக்கவே முடிவதில்லை.

பள்ளிக்கூடக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்க, வெளியே படத்தின் நாயகி மெலனி பெஞ்சில் அமர்ந்து சிகரெட் புகைக்கிறாள். அவளுக்குப் பின்னால், குழந்தைகள் ஏறி விளையாடும் கம்பிச் சட்டத்தில் ஒரு காகம் வந்து உட்காருகிறது, பிறகு சில சேர்கின்றன. நாம் அவற்றைப் பார்க்கிறோம், அவள் பார்ப்பதில்லை. அதன்பின் காமிரா அவள் முகத்திலேயே நெடுநேரம் நின்றுவிடுகிறது. வானத்தில் பறக்கும் ஒற்றைக் காகத்தைக் கண்டு அவள் திரும்பும்போதுதான், சட்டம் முழுவதும் கறுத்துக் கிடப்பதை அவளோடு சேர்ந்து நாமும் காண்கிறோம். ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லாமல் இவ்வளவு பயத்தை உண்டாக்கிய வேறொரு காட்சியை நான் பார்த்ததில்லை.

மாடியறையில் பறவைகள் மெலனியைத் தாக்கும் காட்சியை அப்படிப் புகழ எனக்கு மனம் வருவதில்லை. இயந்திரப் பறவைகள்தான் என்று சொல்லப்பட்டிருந்த, மெலனியாக நடித்த டிப்பி ஹெட்ரன் மீது உயிருள்ள பறவைகள் நாள்கணக்கில் எறியப்பட்டன. கண்ணுக்கு அருகே அவருக்குக் காயமும் ஏற்பட்டது. அதை அறிந்தபின் அந்த முகத்தில் தெரிவதை நடிப்பென்று மட்டும் கொள்ள முடியவில்லை.

டாஃப்னி டு மோரியே 1952இல் வெளியிட்ட மூலக்கதை இங்கிலாந்தின் கார்ன்வாலில் நிகழ்கிறது. ஹிட்ச்காக் அதைக் கலிஃபோர்னியாவின் பொடேகா பே என்ற கடலோர ஊருக்குக் கொண்டுவந்தார். படம் தயாராகிக்கொண்டிருந்த 1961 ஆகஸ்டில், அதே மாநிலத்தின் கேபிடோலா கடற்கரையில் கடற்பறவைகள் கூட்டம்கூட்டமாக வீடுகள் மீது மோதி விழுந்தன. அந்தச் செய்தியை அவர் கேட்டு வாங்கிப் படித்தார். கடல் நுண்பாசிகளில் உருவாகும் டோமோயிக் அமிலம் என்ற நச்சே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பதற்கு, அந்தக் கோடையில் சேகரித்த கடல் மிதவையுயிரிகளின் குடலிலிருந்து பல பத்தாண்டுகள் கழித்தே வலுவான சான்று கிடைத்தது. படத்திலோ, உணவகத்தில் பறவையியல் அறிந்த மூதாட்டி பறவைகள் கூட்டாகத் தாக்காது என்று வாதிடுகிறார், குடிகாரர் உலகமுடிவு என்கிறார், பயந்துபோன ஒரு தாய் மெலனியையே பழிக்கிறாள். எதையும் ஹிட்ச்காக் உறுதிப்படுத்துவதில்லை. நச்சு, சாபம், பழிவாங்கல் என எதைக் காரணமாகச் சொல்லியிருந்தாலும் அதற்கொரு தீர்வும் இருக்குமென்று நாம் ஆறுதல் அடைந்திருப்போம். அந்த ஆறுதலைத் தர மறுத்த அவர், 'முற்றும்' என்ற எழுத்தைக்கூடத் திரையில் போடாமல் படத்தை நிறுத்தியது முற்றிலும் சரியான முடிவு.