வாத்து விழுந்தது, டப்பா டிவியில் மட்டும்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்டு, நேற்று மாலை, டிவி திரையில் பறக்கும் வாத்துகளைச் சுடும் ‘டக் ஹண்ட்’ வீடியோ கேமின் முதல் வாத்து ஒருவழியாக என் விளையாட்டுத் துப்பாக்கிக்கு விழுந்தது. கருவி நின்டெண்டோவின் அசல் ஃபேமிகாம் அன்று. தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் ‘டிவி கேம்’ என்று விற்கப்பட்ட, 60 பின் கேசட் ஏற்கும் நகல்தான். நகலை அசல் வன்பொருள் என்று சொல்லலாமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நம்மில் பெரும்பாலோர் விளையாடி வளர்ந்தது இதில்தான் என்பதால், என் கணக்கில் இதுவே அசல்.

கேசட் முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்ததும் படம் வந்துவிட்டது. துப்பாக்கிதான் உயிரை வாங்கியது. ‘நன்றாக வேலை செய்யும்’ என்று சத்தியம் செய்து விற்றவர் அதை ஒருமுறையாவது சுட்டுப் பார்த்தாரா என்பது ஐயமே. விசையில் கோளாறு என்று எண்ணி முதல் வாரத்தை வீணடித்தேன்; மல்டிமீட்டரில் விசை சரியாகவே இருந்தது. இரண்டாம் வாரம் குழலைப் பிரித்தபோதுதான் வில்லைக்குப் பின்னால் பூஞ்சை பால்போல் படர்ந்திருப்பதும், ஒளி உணரியின் ஒரு கால் பற்றாசு விட்டு மயிரிழையில் தொங்குவதும் தெரிந்தன. வில்லையைத் துடைத்து, காலை மீண்டும் பற்றவைத்தேன். மாற்று உணரி ஒன்றை ரிச்சி தெருவில் முன்னெச்சரிக்கையாக வாங்கி வைத்தது இன்னும் உறையிலேயே இருக்கிறது. அதனோடு தேவையில்லாமல் வாங்கிய ஒன்பது பின் இணைப்பிகள் அரை டஜனும் இருக்கின்றன.

அதன் பிறகும் வாத்து விழவில்லை, ஏனெனில் நான் சோதித்தது வரவேற்பறையின் எல்சிடி டிவியில். விசையை அழுத்தியதும் திரை முழுவதும் ஒரு ஃபிரேம் (ஓடும் படத்தின் ஒற்றைச் சட்டகம்) கறுத்து, அடுத்த ஃபிரேமில் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். முதலில் இருளையும் பிறகு ஒளியையும் துப்பாக்கி கண்டால்தான் குண்டு பட்டதாகக் கணக்கு. சிறுவயதில் டியூப்லைட்டை நோக்கிச் சுட்டு ஏமாற்ற முயன்றதெல்லாம் பலிக்காமல் போனதற்கு இதுவே காரணம். எல்சிடி டிவி படத்தை வாங்கித் தன் அளவுக்கு மாற்றிக் காட்டுவதற்குள் தாமதமாகிவிடுவதால், கருவி விடை கேட்கும் கணத்தில் அந்தக் கட்டம் திரைக்கு வந்திருப்பதே இல்லை. பரணிலிருந்து, இந்தத் தாமதம் இல்லாத பழைய 14 அங்குல பிக்சர் டியூப் டப்பா டிவியை இறக்கி, கான்ட்ராஸ்டை முக்கால் பங்குக்கு மேல் ஏற்றி, நான்கடி தள்ளி நின்று சுட்டேன். வாத்து ஒரு கணம் உறைந்து நின்று, தலைகீழாகச் சரிந்தது. பக்கத்து அறையிலிருந்து மனைவி ஓடிவரும் அளவுக்குக் கத்திவிட்டேன்.

பழைய கருவியைக் கணினியில் போலச் செய்யும் எமுலேட்டரை நான் இகழவில்லை. மெசென் என்ற எமுலேட்டரில் மவுஸால் சுட்டால் ஒன்றும் தவறாது, சுவையும் இல்லை என்பதைத் தவிரக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் இசை ஓட்டமாக ஓடுகிறதே என்று பல ஆண்டுகள் என் நினைவாற்றலையே ஐயுற்றிருந்தேன். அசல் ஃபேமிகாம் நொடிக்கு ஏறத்தாழ 60 ஃபிரேம்களில் ஓடுவது; நம் ஊர் PAL ஒளிபரப்பு முறை டிவிகளுக்கென்று வந்த நகல்களோ 50 ஃபிரேம்களில் ஓடியவை. நகலின் செயலி வேகம் அசலை ஒட்டியே இருந்ததால் சுருதி ஏறக்குறைய மாறாமல், தாளம் மட்டும் ஆறில் ஒரு பங்கு மந்தமாயிற்று. மெசெனில் ‘டெண்டி’ (ரஷ்யாவில் விற்ற நகலின் பெயர்) என்ற பிராந்திய அமைப்பைத் தேர்ந்தால் அந்த மந்தம் அப்படியே வந்துவிடுகிறது. பல நகல்களில், ஒலியை உண்டாக்கும் சதுர அலையின் 25, 50 சதவீத அகலங்கள் தம்முள் இடம் மாறியிருக்கும் கோளாறு உண்டு. அதைப் போலச் செய்யவும் அங்கே ஒரு தெரிவு இருக்கிறது. இரண்டையும் போட்டதும், கோடை விடுமுறையில் கேட்ட அதே கரகரப்பான குரல் திரும்பிவிட்டது.

அடுத்து ஆர்எஃப் (டிவியின் ஆன்டெனா இணைப்பு) வழியை விடுத்து வீடியோ சிக்னலை நேரே வெளியே எடுக்கும் எண்ணம் இருக்கிறது. டிரான்சிஸ்டர் ஒன்றும் மின்தடைகள் சிலவும் போதும். அதற்கு முன் துப்பாக்கியின் மூடியைத் திருக வேண்டும், ஐந்து திருகுகளில் ஒன்றைக் காணவில்லை.