சங்கக்கடையில் குறைவு எங்கே விழுகிறது?

சங்கக்கடை, அதாவது கூட்டுறவுச் சங்கம் நடத்தும் கடை, என்றால் யாழ்ப்பாணத்தில் வயதான ஆக்களுக்குப் பங்கீட்டில் கிடைத்த கூப்பன் அரிசிதான் நினைவுக்கு வரும். 1957 இல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கின. பங்கீடு இருந்தவரைக்கும் வாடிக்கையாளரைத் தேடிப் போகிற வேலை சங்கத்துக்கு இருக்கவில்லை. 1979 இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. இப்போது சந்திக்குச் சந்தி கடை. கிராமத்துக் கிளை ஒன்று நட்டப்பட்டால் "வியாபாரம் இல்லை" என்று சொல்லிவிடுவது வழக்கம். எங்களுக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. வியாபாரம் நடக்கும்போதே காசு கசிகிற இடங்கள் உண்டு. அவை இருப்புக் கொப்பியில்தான் தெரியும்.

கிளைக்கு வரும் சாமானைக் கொள்விலையில் அல்ல, விற்பனை விலையில் முகாமையாளரின் பொறுப்பில் பதிய வேண்டும். 50 கிலோ பருப்பு மூட்டை, கிலோ 300 ரூபா என்றால் அவர் பொறுப்பு 15,000 ரூபா. உதாரணமாக ஒரு மாதத் தொடக்கத்தில் இருப்பு 420,000, அந்த மாதம் வந்தது 680,000, விற்றது 705,000 என்று வைப்போம். மாத முடிவில் கடையில் 395,000 ரூபாவுக்குச் சாமான் இருக்க வேண்டும். எண்ணினால் 386,000 தான். குறைவு 9,000, விற்பனையில் நூற்றுக்கு 1.3 அளவில். சிறிய தொகைதானே என்று விடக் கூடாது. அரிசி, சீனி, மாவில் நூற்றுக்கு 5 தான் இலாபம் வைக்கிறீர்கள் என்றால், அதில் கால்வாசி போய்விட்டது.

உடனே முகாமையாளரைச் சந்தேகிப்பார்கள். அதற்கு முதல் விலை மாற்றத்தைப் பாருங்கள். பருப்பு 300 இல் இருந்து 280 க்கு இறங்கிய அன்று 60 கிலோ இருப்பில் இருந்தால், விலைக்குறைப்புச் சிட்டை எழுதாவிட்டால் 1,200 ரூபா பொய்க் குறைவாக விழும். விலை ஏறும்போது நடப்பது இன்னும் மோசம். பதியாமல் விட்ட ஏற்றம் உண்மையான குறைவை மூடிவிடும், கணக்குச் சரி என்று எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

அடுத்தது தராசு. 50 கிலோ மூட்டையைக் கால் கிலோப் பைகளாகக் கட்டினால் 200 பை. பைக்கு 5 கிராம் கூடிப்போனால் மூட்டைக்கு ஒரு கிலோ நட்டம். ஆகவே வெறும் பையை வைத்துத் தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பிறகே நிறுக்க வேண்டும். வந்திறங்கும் மூட்டையையும் லொறிக்காரர் நிற்கும்போதே நிறுத்து, குறைந்தால் சிட்டையிலேயே எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். அவர் போன பிறகு கதைத்துப் பயனில்லை.

சில சாமான் தானாகவே நிறை இழக்கும். வெங்காயம் காயும், தோல் உதிரும், அழுகும். செத்தல் மிளகாயும் கருவாடும் உலரும். இவற்றுக்கு எவ்வளவு கழிவு அனுமதிப்பது என்பதைச் சங்கத்தின் நிர்வாகச் சபை முன்கூட்டியே எழுத்தில் தீர்மானிக்க வேண்டும். மாரியில் பிரச்சினை தலைகீழ்: உப்பு கசியும், பனங்கட்டி ஈரம் குடித்து இளகும். காற்றுப் புகாத மூடியுள்ள வாளி போதும். அரிசி மூட்டைகள் பலகைக்கு மேல், சுவரில் முட்டாமல், பழையது முன்னுக்கு இருந்தால் வண்டுத் தொல்லை பாதி குறையும்.

இருப்பு எடுக்கும் நாளில் கடையைப் பூட்ட வேண்டும். முதலில் பெட்டிக் காசு. பிறகு ஒருவர் எண்ண ஒருவர் எழுத வேண்டும். அந்த இருவரில் ஒருவராவது கடையில் வேலை செய்யாதவராக இருக்கட்டும். பிரித்த மூட்டையைக் கண்மதிப்பில் எழுதாமல் நிறுக்க வேண்டும். காலாவதியான பிஸ்கற்றைத் தனியாக எழுதி, பெறுமதி பூச்சியம் என்று போட வேண்டும். அதை நல்ல சாமானோடு சேர்த்து எண்ணுவதுதான் பல கொப்பிகளில் நாங்கள் கண்ட "இலாபம்".

விலை போடுவதிலும் ஒரு பிழை நடக்கிறது. 100 ரூபாச் சாமானை 110 க்கு விற்றால் விற்பனையில் கிடைப்பது நூற்றுக்கு 9.1 தான். விற்பனையில் 10 வேண்டுமென்றால் கொள்விலையை 0.9 ஆல் வகுக்க வேண்டும்: 111 ரூபா 11 சதம்.

கடன் பற்றிச் சுருக்கமாக. 1844 இல் இங்கிலாந்தின் ரொச்டேலில் கடை திறந்த கூட்டுறவு முன்னோடிகள் கைக்காசுக்குத்தான் விற்றார்கள். வெங்காயம் கிண்டிய பிறகுதான் காசு கையில் வரும் ஊரில் அதை அப்படியே பின்பற்ற முடியாது. அங்கத்தவர் கட்டிய பங்குப் பணத்துக்கு மேல் கடன் இல்லை என்று எல்லை வைக்கலாம். சபை உறுப்பினருக்கும் அதே எல்லைதான். அவர்களுடைய கொப்பியை முதலில் பாருங்கள்.

பொதுச்சபைக் கூட்டத்துக்குப் போகும் அங்கத்தவர்கள் தேநீரும் வடையும் வருமுன் மூன்றைக் கேட்கலாம்: கடைசி இருப்பெடுப்பின் குறைவு, ஆறு மாதத்துக்கு மேல் நிலுவையில் உள்ள கடன், வாங்கிய அளவுக்கேற்ப அங்கத்தவருக்குத் திருப்பிக் கொடுக்க ஒதுக்கிய தொகை. மூன்றாவதுக்குப் பதில் "இல்லை" என்றால், முதல் இரண்டையும் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள்.