காலியிலிருந்து வந்த கடிதம்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் மூன்று கடிதங்கள் வெள்ளைத் துணியில் சுற்றியபடி இருந்தன. எழுத்து அரபு. துஆவாக, அதாவது பிரார்த்தனையாக, இருக்கும் என்று யாரும் பிரிக்கவில்லை. போன மாதம்தான் கீழக்கரையில் மார்க்கம் ஓதிக்கொடுக்கும் ஒரு வயதான லெப்பையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முதல் வரியை வாய்விட்டு ஓதினார். வந்தது தமிழ். "உம்மாவுக்கு ஸலாம். காலியில் நான் சுகம்." இலங்கையில் இருக்கும் காலி நகரிலிருந்து அம்மாவுக்கு எழுதிய கடிதம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அரபுத்தமிழ்! தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. ட, ப, ங போல அரபியில் இல்லாத ஓசைகளுக்குப் புள்ளி கூட்டி எழுதுவார்கள். இதே ஊரில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இதில் நூல்களே எழுதியிருக்கிறார். நாங்கள் ஒரே தலைமுறையில் மறந்துவிட்டோம்.

கடிதத்தின் அடியில் இருந்த பெயர் எங்களில் இருவருக்கு உண்டு. ஒருவர் என் வாப்பாவின் (அப்பாவின்) பாட்டனார், மற்றவர் அவருக்கும் பாட்டனார். தேதி ஷஃபான் மாதம், ஹிஜ்ரி என்னும் இஸ்லாமிய ஆண்டு 1324. ஆங்கில வருடத்தோடு இப்போதைய வித்தியாசம் 579 என்று கூட்டி, 1903, மூத்தவர்தான் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். "பேரன் எடுத்தவருக்கு உம்மா உயிரோடு இருந்திருப்பாங்களா, தம்பி?" என்று கேட்டார் லெப்பை.

ஹிஜ்ரி வருடம் ஆங்கில வருடத்தைவிடச் சுமார் 11 நாள் குறைவு. பழைய வருடங்களுக்குப் போகப் போக வித்தியாசம் கூடும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அந்த ஷஃபான் 1906 செப்டம்பர்-அக்டோபரில் வருகிறது. உறையில் ஏழாம் எட்வர்ட் தலை போட்ட சிலோன் ஸ்டாம்ப். செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும், தேய்ந்த முத்திரையில் 06 மட்டும் தெரிந்தது. 1905ஆம் வருடத்து வீட்டுப் பத்திரத்தில் மூத்தவர் பெயருக்கு முன் 'காலஞ்சென்ற' என்று இருக்கிறது. ஆக, எழுதியவர் பேரன்.

ஆனால் கடிதத்தில் "காக்கா கடையில் இருக்கிறார்" என்று ஒரு வரி. எங்களுக்குத் தெரிந்தவரை வாப்பாவின் பாட்டனார்தான் தலைப்பிள்ளை. கூடப்பிறந்த அண்ணனும் காக்கா, பெரியவாப்பா மகனும் காக்கா, வயதில் மூத்த யாரும் காக்காதான். அதனால் வம்சாவளியில் அந்தக் காக்காவைப் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது கடிதத்தில் "காக்காவுக்கு மகன் பிறந்து" என்பதுவரை படிக்க முடிந்தது. பிள்ளையின் பெயர் இருந்த இடம் மடிப்போடு கிழிந்துபோயிருக்கிறது. அந்த வழியில் காலியில் யாராவது இருந்தால், இங்கிருந்து உம்மா எழுதிய பதில்கள் அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கலாம்.