பிளவையின் மேல் அத்திப்பழ அடை

ஜூலை 2, 2023, ஞாயிறு

ஆராதனை முடிவில் அம்மா எழுந்து சாட்சி சொன்னார். மாதக்கணக்காகப் பாதத்தில் இருந்த எரிச்சலும் குத்தலும் அடியோடு நின்றுவிட்டன. வீட்டு ஜெபக்கூட்டத்தில் எண்ணெய் பூசி ஜெபித்த வாரமே ஆண்டவர் தொட்டுவிட்டார் என்றார். சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. நானும் மனதாரச் சொன்னேன்.

வீட்டில் அவர் கால் நீட்டி உட்கார்ந்தபோது பார்த்தேன். வலது பெருவிரலுக்கு அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். சீழ் வாடை. "எத்தனை நாளாக இருக்கிறது அம்மா?" என்றேன். "எது?" என்று குனிந்து பார்த்தார். அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

ஜூலை 3

இன்சுலின் பிரிக்கப்படாமல் குளிர்பெட்டியில் கிடக்கிறது. "சுகம் கிடைத்தது என்று நம்புகிறவர் ஊசி போட்டுக்கொள்வாரா?" என்று கூட்டம் நடத்தியவர் கேட்டாராம். 19 நாளாக ஊசி இல்லை. சர்க்கரை 412. ராணிப்பேட்டையிலிருந்து வேலூர் போகும் வழியெல்லாம் எனக்குக் கை நடுங்கியது, பயத்தில் பாதி, கோபத்தில் பாதி.

வியாதிப்பட்டவனுக்குச் சபையின் மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்று வேதாகமத்தில் யாக்கோபு தம் நிருபத்தில், அதாவது கடிதத்தில், எழுதியிருக்கிறார். அதை நான் நம்புகிறேன். மருந்தை நிறுத்தச் சொல்லும் வரி அந்த நிருபத்தில் எங்கே இருக்கிறது?

ஜூலை 5

பெருவிரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது. இரவு அம்மா கேட்டார்: "எனக்கு விசுவாசம் போதவில்லையோ?" நோயைவிட இந்தக் கேள்விதான் அவரை உருக்குகிறது. பதில் சொல்ல வாய் வராமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 7

இன்று மருத்துவர் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார். எரிச்சல் நின்றது குணமானதால் அல்ல, நரம்பு மரத்துப்போனதால். வலி தெரியாததால் செருப்பு கடித்ததும் தெரியவில்லை, புண்மேலேயே நடந்திருக்கிறார்.

இதை முதலில் தெளிவாகக் கண்டுகொண்டவர்களில் ஒருவர் இதே வேலூரில் வேலை செய்தவர் என்றார். பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் மிஷனரிகளின் மகனாகப் பிறந்து, 1946இல் அறுவை மருத்துவராக வேலூர் வந்தவர். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்தது. உணர்ச்சி போனதால் சூடும் வெட்டும் தெரியாமல் நோயாளிகளே தங்களைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்று அவர் காட்டினார். மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண்களை மாற்றித் தைத்து, மறுபடி பிடிக்கும் கைகளாக்கினார். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, இங்கே கற்றதைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் கொண்டுபோனார்.

வலியைக் கடவுள் கொடுத்த கொடை என்றே அவர் சொல்லிவந்தார். அம்மாவோ அந்தக் கொடை பறிபோனதற்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கூடச் சொன்னேனே.

ஜூலை 11

விடியற்காலையில் அம்மா என்னை எழுப்பி, இரண்டாம் இராஜாக்கள் 20ஐ வாசிக்கச் சொன்னார். எசேக்கியா ராஜா சாகக்கிடக்கிறான், சுவர்ப்புறமாகத் திரும்பி அழுகிறான். கர்த்தர் அவன் கண்ணீரைக் கண்டு, குணமாக்குவேன் என்கிறார்; 15 வருடம் கூட்டித் தருகிறார். அடுத்து ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவையின்மேல் பற்றுப்போட வைக்கிறான்.

"பிளவை! சர்க்கரைக்காரர்களுக்கு முதுகில் வருமே, அந்தப் பெயர்தான்" என்றார் அம்மா. இந்த அதிகாரத்தை எத்தனையோ தடவை படித்திருக்கிறார், அடையைக் கவனித்ததில்லையாம். "வாக்குக் கொடுத்த பிறகும் பற்றுப்போட வைத்திருக்கிறாரே" என்று தமக்குள்ளே இரண்டு மூன்று முறை சொல்லிக்கொண்டார். பிறகு ஊசி போட வந்த செவிலியரிடம், அவர் கேட்கும் முன்பே வயிற்றுப் பக்கம் சேலையை விலக்கிக் காட்டினார்.

ஆகஸ்ட் 8

கிருமி அடங்கிவிட்டது. ஆறாமல் மீந்த புண்ணுக்காகப் பாதத்தோடு ஒட்டினாற்போல் மாவுக்கட்டுப் போட்டார்கள். தொழுநோயாளிகளின் பாதங்களுக்குப் போட்டுப் பழகிய முறைதான். கட்டுப் போட்டவர் அம்மாவின் பாதத்தை இரு கைகளாலும் ஏந்தி, மாவு காயும்வரை அசையாமல் பிடித்திருந்தார். தொழுநோயாளியை இயேசு முதலில் தொட்டார், பிறகுதான் "சுத்தமாகு" என்றார். அந்த வசனம் எனக்கு நினைவில் வந்துகொண்டே இருந்தது.

வீடு திரும்பும்போது ஒரு கைக்கண்ணாடி வாங்கினோம். தினமும் மற்ற உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி சாட்சி சொல்ல வேண்டும் என்கிறார் அம்மா. முன்பு சொன்னதைத் திருத்த வேண்டுமாம். சபைப் போதகரான ஐயரிடம் கேட்டு நேரம் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார்.