நான்காவது படம்

யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் படிப்பித்த சேர் காலமான செய்தி வந்தபோது, அவருக்குக் காட்டவென்று எடுத்த படத்தின் ஒலியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அவர் பெயரை எழுதத் தேவையில்லை. சனிக்கிழமை நடை என்றாலே எண்பதுகளில் படித்த நம் எல்லோருக்கும் அவர் முகம்தான் வரும்.

1983 தொடக்கத்தில், ஒன்பதாம் வகுப்பில், 'எங்கள் நகரம்' என்று கட்டுரை எழுதச் சொன்னார். பதினொரு பக்கம் எழுதினேன். 1619இல் போர்த்துக்கேயரிடம் விழுந்த இராச்சியம், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர். ஓர் ஆண்டுகூடப் பிழையில்லை. வகுப்பின் முன் நிறுத்தி முழுவதும் வாசிக்க வைத்தார். முடிந்ததும், "யமுனா ஏரி என்ன வடிவம்?" என்று கேட்டார். தெரியவில்லை. என் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம்.

"நீர் பார்க்காத ஊரைப் பற்றி எழுதியிருக்கிறீர்" என்று கொப்பியைத் திருப்பித் தந்தார். மிச்சப் பாடம் முழுக்க நின்றேன். அந்த வெட்கம் இன்றும் எனக்குள் இருக்கிறது.

சனிக்கிழமை எங்களைக் கூட்டிப் போனார். 'ப' வடிவக் கரையைக் காலடியால் அளந்தோம். பழைய கந்தசுவாமி கோயில் நின்ற இடம் என்று சொல்லப்படும் முத்திரைச் சந்தித் தேவாலயத்தைப் பார்த்தோம். அப்புறம் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெரு. அங்கே நின்று ஏ.எம்.ஏ. அஸீஸைப் பற்றிச் சொன்னார்: வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வராவிலும் யாழ் இந்துவிலும் படித்து, இலங்கைச் சிவில் சேவைக்குப் போன முதல் முஸ்லிம். "இந்தத் தெரு இல்லாமல் இந்த நகரம் இல்லை" என்றார்.

1988இல் நான் கனடா வந்துவிட்டேன். முப்பது ஆண்டு கழித்துக் கமராவோடு போய் மூன்று குறும்படம் எடுத்தேன், ஒவ்வொன்றும் பன்னிரண்டு நிமிடம். நல்லூரின் இருபத்தைந்து நாள் திருவிழா ஒன்று. 1981 மே 31 இரவு தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு எரிந்த நூலகம் இன்னொன்று. மற்றது கோட்டை. நம் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் காட்டினோம், பலர் கண்கலங்கினீர்கள். சேருக்கும் அனுப்பினேன். ஒரு கிழமை கழித்துத் தொலைபேசியில் வந்தார்.

"தம்பி, பார்த்தேன். நல்லூர் மணியைப் பின்னணி இசையால் மூடிவிட்டீர். சரி, அது போகட்டும். சோனகத் தெரு எங்கே?"

பதில் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஒரு நகரத்தின் எல்லாவற்றையும் அடக்க முடியாது. படமெடுப்பவன் எதையாவது விடத்தான் வேண்டும். ஆனால் நான் அந்தத் தெருவை யோசித்து விடவில்லை. அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. நம் வகுப்பில் மூன்று பேர் அந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள். 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ் நகர முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, அதே ஒக்ரோபர் 30 அன்று, என் அம்மாவும் ஊர்ச் சனமும் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து மழையில் செம்மணி வழியாக நடந்தார்கள். அம்மாவின் நடையைப் பற்றி இந்த மலரில் நானே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். மற்றதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

அதனால்தான் நான்காவது படம். அந்த மூவரில் ஒருவர் இப்போது புத்தளத்தில் இருக்கிறார். கேட்டதும் வந்தார். திரும்பி வந்தவர்கள் கட்டிய சில வீடுகளுக்கு நடுவில், கூரையில்லாத சுவர்களும் மரம் முளைத்த அத்திவாரங்களும் இருந்தன. பள்ளிவாசல் பாங்கு, சைக்கிள் மணி, அவருடைய குரல், இவ்வளவுதான் படத்தில் கேட்கும். இசை சேர்க்கவில்லை.

படத்தை முடித்துவிட்டு, இருவரும் சேர்ந்து போய்ச் சேருக்குக் காட்டுவதென்று இருந்தோம். ஒலி சரியில்லை, நிறம் சரியில்லை என்று நான்தான் ஐந்து மாதம் இழுத்தேன். எடுத்த கையோடு போயிருக்கலாம். நான் அங்கேயே இருந்திருந்தால் பின்னேரம் சைக்கிளில் போய்க் காட்டியிருப்பேன்.

கடைசிக் காட்சியில் நண்பர் தன் வீட்டு விறாந்தை இருந்த இடத்துக்கு வருகிறார். எதுவும் சொல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து, சேர் காட்டித் தந்த மாதிரியே அளக்கத் தொடங்குகிறார். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுகிறார். இருபத்திரண்டில் சுவர் வருகிறது. அதில் ஓர் அடியைக்கூட நான் வெட்டவில்லை.